கூரையில்லா நிலையமும் ஒரு கரண்டிச் சர்க்கரையும்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அனத்தோலிய மலைப்பக்கத்தில் ஓர் ஊர். கராசோயுத் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அங்கே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. கூரை இல்லை. தண்டவாளம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உள்ளே ஆடு கட்டியிருந்தார்கள்.

"சுல்தான் காலத்துல கட்டுனதுங்க. ரயில் வர்றதா இருந்துச்சு" என்றார் ஆட்டுக்காரர், ஏதோ போன வாரம் வரவேண்டிய வண்டி கொஞ்சம் தாமதம் என்பதைப்போல.

இஸ்தான்புல்லில் பாதி ஆயுசைக் கழித்தவன் நான். காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தச் சுவரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களை இப்படி நம்பவைத்தவன் எவனோ, அவன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "பேரரசு நோய்ப்படுக்கையில் கிடந்த அந்த ஆண்டுகளில், ஐரோப்பிய வல்லரசுகள் அதன் ரயில் பாதைகளைக் குறிவைத்து…" (அடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடம்.)

இரண்டாம் தொடக்கம்: "ஜெர்மன் தூதர் அரண்மனைக்கு ஒரு குதிரை அனுப்பினார் என்று கேள்விப்பட்டதும் பிரெஞ்சுத் தூதர் இரண்டு…" (இதுவும் போகட்டும். குதிரைக்குத் தீனி போட்டே கதை முடிந்துவிடும்.)

மூன்றாம் தொடக்கம்: "வாஸிஃப் எஃபெந்தி காபி கொண்டுவரச் சொன்னார்."

இது நிற்கட்டும். (எஃபெந்தி என்றால் ஐயா மாதிரி.) அந்த ஆள் வேறென்ன செய்தார்? அமைச்சகத்தில் ரயில் உரிமம் கேட்டு வருகிறவர்களை எதிர்கொள்கிற அதிகாரி அவர். கராசோயுத் வழியாகப் போகும் பாதை எங்களுக்குத்தான் என்றார்கள் ஜெர்மானியர். அவர்கள் கேட்டதாலேயே பிரெஞ்சுக்காரர்களுக்கும் அது வேண்டியிருந்தது. யார் போட்டாலும் கடலைத் தொடக்கூடாது என்றார்கள் ஆங்கிலேயர். யாருமே போடக்கூடாது என்றது ருஷ்யா. வைக்கோற்போர் நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. அரண்மனை நான்கு பேருக்கும் தனித்தனியாகத் தலையாட்டி வைத்திருந்தது. நால்வரும் காத்திருக்கும்வரை ஒருவரும் பாயமாட்டார்கள். நொடித்துப்போன பேரரசிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் இழுத்தடிப்பு. அதை வீசத் தெரிந்தவர் வாஸிஃப்.

உத்தியோகத்தில் சேர்ந்த நாள்முதல் "இல்லை" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்பார். காபி வரும். வந்தவர் வாயாவது இனிக்கட்டும் என்று எப்போதும் சர்க்கரை போட்ட காபி. (இந்தச் சர்க்கரையை நினைவில் வையுங்கள். பிறகு என்னைத் திட்டாதீர்கள்.)

இந்த ஆளை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஏதாவது செய்யுமய்யா என்று ஒரு பக்கம் முழுக்க அவரைத் துரத்தினேன். காபி கொண்டுவரச் சொன்னார்.

3.

ஆகவே அவருடைய அக்காவை வரவழைத்தேன்.

துர்தானே. கராசோயுத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அல்ல, அங்கேயே பிறந்து அங்கேயே விதவையானவள். ஊரில் அவள் சொல்தான் சொல். இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டது. கீழே சமவெளியில் கோதுமை கொட்டிக் கிடந்தது. மலைக்கு ஏற்றத்தான் வழியில்லை, ஒட்டகங்கள் செத்துவிட்டன. பனி விழுந்தால் கணவாய் மூடிக்கொள்ளும். அதற்குமுன் ஊர் முழுவதும் சமவெளிக்கு இறங்கிவிடுவதா, ரயிலை நம்பி இருப்பதா? அதைக் கேட்டுப்போகத்தான் கோவேறு கழுதைமேல் தலைநகருக்கு வந்திருந்தாள்.

காத்திருப்பு அறையில் அவளுக்கு இந்தப்பக்கம் ஜெர்மானியர்களின் ஆள் க்ரூபர், அந்தப்பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் ஆள் டெல்மாஸ். இருவருக்கும் துருக்கி மொழி தண்ணீர்பட்ட பாடு.

"ஏம்மா, உங்க ஊர் மண்ணு எப்படி? பாறையா?" என்று குழைந்தார் க்ரூபர்.

"மண்ணு நல்லாத்தான் இருக்கு. மழைதான் இல்ல. அதையும் நீங்களே கொண்டாந்துருவீங்களா?"

"அவங்க கொண்டாந்தா இடியத்தான் கொண்டாருவாங்க. மழைக்கு எங்ககிட்ட வாங்கம்மா" என்றார் டெல்மாஸ்.

காபிக்கார ஹுர்ஷித் மூவருக்கும் காபி கொடுத்துவிட்டுப் போனார். வாஸிஃப் உள்ளே வந்தபோது துர்தானே காலிக் கோப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடா தம்பி. கேக்க வந்ததுக்குப் பதில் கெடச்சிருச்சு."

"யாரு அக்கா சொன்னா?"

"இம்புட்டுச் சர்க்கரையப் போட்டுக் குடுத்துட்டு யாருன்னு கேக்குறியே!"

(அந்த மலைப்பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்களுக்குப் பதிலை வாயால் சொல்வதில்லை. காபி இனித்தால் சம்மதம். கசந்தால் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்துவிட வேண்டும். துர்தானே தன்னைக் கேட்டு வந்தவர்களில் மூன்று பேருக்குக் கசப்பாகப் போட்டுக்கொடுத்தவள். தட்டைத் தூக்கிக்கொண்டு போனது வாஸிஃப்தான்.)

"சமவெளிக்கு எறங்கிரலாம்னுதான் மூட்டை கட்டுனோம்" என்றாள். "கெழடுகளும் கைப்புள்ளைகளும் வழியிலயே போயிருமேன்னு பயம். இனிமே எதுக்கு எறங்கணும்? தண்டவாளம் போடுற கூட்டம் வந்தா அவங்க மாவும் கூடவே வரும்ல? நெலையத்துக்கு நாங்களே சுவரு எழுப்பிக்கிட்டு இருக்கோம். போய் வேலையத் துரிதப்படுத்தணும்."

க்ரூபர் ஜன்னலைப் பார்த்தார். டெல்மாஸ் தன் காலணியைப் பார்த்தார். காது மட்டும் இருவருக்கும் இங்கேதான் இருந்தது.

"பார்க்கலாம் அக்கா. இன்ஷா அல்லாஹ்…"

"என்னத்தடா பார்க்கலாம்? நான் ஒன் அக்காடா, தூதர் இல்ல. வரும்தானே?"

4.

சொல்லித் தொலையேன் மனிதா!

தனியே கூட்டிப்போய்ச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அவளைக் கூட்டிவந்த கழுதைக்காரன், பனிக்குமுன் கணவாயைத் தாண்டவேண்டும் என்று வாசலில் கத்திக்கொண்டிருக்கிறான். அவளைத் தனியே கூட்டிப்போனால், என்ன சொன்னார் என்று இந்த இருவரும் அவளை விடாமல் துருவுவார்கள். பொய் பேச அவளுக்கு வராது. ரயில் வராது என்று தெரிந்த அன்றே நாலு தூதரகமும் அரண்மனை வாசலில் நிற்கும். எவன் வாய் திறந்தது என்று அரண்மனை தேடும். பிறகு வாஸிஃபுக்குப் பாலைவனத்து நாடுகடத்தல்தான்.

இதெல்லாம் சரியான காரணங்கள். எனக்கு இவற்றில் நம்பிக்கையில்லை. அந்தச் சொல்லே அவருக்கு மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு வரைவில் அவரை எழுந்துநின்று கத்தவைத்தேன்: "வராது அக்கா! ஊரைக் கூட்டிக்கிட்டு எறங்கிரு! இவங்க யாரும்…" படிக்க நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். கத்தியது நான், அவர் அல்ல.

அவர் செய்தது இதுதான். கதவுப்பக்கம் திரும்பி, "ஹுர்ஷித், அக்காவுக்கு இன்னொரு காபி" என்றார்.

மறுபடியும் காபியா என்று பேனாவை எறியப்போனேன். அப்போதுதான் கவனித்தேன். வழக்கமாக "இனிப்பா" என்றும் சேர்த்துச் சொல்வார். இன்று சொல்லவில்லை.

"எஃபெந்தி, சர்க்கரை?" என்றார் ஹுர்ஷித்.

5.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

இனிப்பு: அவள் தம்பியின் நெற்றியில் முத்தமிட்டுக் கிளம்புகிறாள். ஊர் மூட்டையை அவிழ்க்கிறது. சுவர் ஜன்னல் மட்டம்வரை எழும்புகிறது. பனி விழுகிறது. அதற்குமேல் சுவர் எழும்பவில்லை.

கசப்பு: ஒரு வாய் குடிக்கிறாள். தம்பியை நிமிர்ந்து பார்க்கிறாள். மிச்சத்தையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, அந்த இருவருக்கும் கேட்கும்படி, "நல்லாருக்குடா" என்று எழுந்துவிடுகிறாள். ஊரில் கொத்தனார்கள் கொத்துக்கரண்டியைப் போட்டுவிட்டு மூட்டையைத் தூக்குகிறார்கள். வழியில் சிலர் சாகிறார்கள், பலர் போய்ச் சேர்கிறார்கள். சுவர் ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது.

பாழாய்ப்போன சுவர் இரண்டுக்கும் பொருந்துகிறது!

ஆட்டுக்காரரைக் கேட்டேனே. "எங்க ஆளுங்க சமவெளியிலருந்து வந்தவங்க" என்றார். இறங்கிப்போய்த் திரும்பி வந்தவர்களா, காலியாகக் கிடந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களா என்று விடாமல் கேட்டேன். "யாருக்குங்க தெரியும்? டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

இதற்குமேல் என்னால் ஆகாது. எனக்கும் நாக்கு எழவில்லை. வாஸிஃபை இத்தனை பக்கம் திட்டிய அதே நாக்குதான்.

எங்கள் காபியில் சர்க்கரையைப் பொடியோடு சேர்த்தே கொதிக்கவைக்க வேண்டும். பிறகு போட முடியாது, போட்டதை எடுக்கவும் முடியாது. ஹுர்ஷித் கரண்டியும் கையுமாக அடுப்படியில் நிற்கிறார். தண்ணீர் சூடேறிவிட்டது. வாசலில் கழுதைக்காரன் கத்துகிறான். துர்தானே கோப்பைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். வாஸிஃப் எஃபெந்தி உங்களைப் பார்க்கிறார்.

சொல்லுங்கள். தயவுசெய்து "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.