பிளாஸ்க்கை உடைத்த பூனை

எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் இல்லாத நிருபருக்கு, ஆபத்தான ஊர்களுக்குப் போய்வர ஐந்து நாள் பயிற்சி. கட்டுப் போடுவது, சுட்டால் குப்புறப் படுப்பது எல்லாம் நாலு நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் மனைவியையும் வரச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். யாராவது அவரைப் பிடித்து வைத்துக்கொண்டால், ஆள் அவர்தான், உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வியும் பதிலும் வேண்டுமாம். வெளியாள் யாருக்கும் அது தெரிந்திருக்கக் கூடாது.

'கல்யாணமான புதிதில் பிளாஸ்க் எப்படி உடைந்தது?' என்று மனைவி எழுதினாள். பதிலையும் அவளே எழுதினாள்: 'இவர் கைபட்டு.'

"பூனை தட்டிவிட்டுச்சு," என்றார் நிருபர்.

"நம்ம வீட்ல ஏதுங்க பூனை?"

"ஜன்னல் வழியா வந்துச்சு."

"நாலாவது மாடிக்கா?"

பயிற்சியாளர் பல போர்முனைகளைப் பார்த்தவர். இந்த முனையைப் பார்த்ததில்லை. "எதுவா இருந்தாலும் ஒரே பதிலா இருக்கட்டும்மா," என்று கெஞ்சினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற நிருபர், பன்னிரண்டு வருஷ வழக்கை அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்துத் தலையாட்டினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மலைப்பாதையில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. பன்னிரண்டாம் நாள், பயிற்சி கொடுத்த உதவி மையத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டார்கள்.

அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "ஆள் எங்ககிட்டதான் இருக்கார்னு ஒரு கூட்டம் சொல்லுது. உங்க கேள்வியை அனுப்பினோம். பதில் தப்பும்மா. அவங்ககிட்ட இருக்கறது உங்க வீட்டுக்காரர் இல்ல. மேலிடத்துல பேச்சை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"என்ன பதில் வந்துச்சு?"

"பூனையாம். ஜன்னல் வழியா வந்துச்சாம். உங்க வீட்ல பூனை இருந்துச்சா?"

"இருந்ததே இல்ல."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உயிரோடு இருக்கிறார். "அவரேதான். துப்பாக்கியை நீட்டினாலும் அந்தப் பூனையை விடாத மனுஷன் உலகத்துலயே ஒருத்தர்தான்."

"படிவத்தோட ஒத்துப்போகணுமேம்மா."

"படிவத்தைக் குடுங்க."

தன் பதிலை அடித்தாள். பன்னிரண்டு வருஷமாக வாயால்கூடச் சொல்லாததைத் தன் கையால் எழுதினாள்: 'பூனை.' பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

"இப்பப் பேசுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுக்கு வரட்டும், வச்சுக்கறேன்."