பிரமாதம், மாப்பிள்ளை

கிட்டார்க்காரனுக்கு நாக்கில் சனி என்று பெற்ற தாயே சொல்லியிருக்கிறாள். அந்தச் சனி ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடையில், நிரம்பி வழிந்த கூட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்தது. "இவன் சுருதி விட்டுப் பாடுறது உங்களுக்குக் கேக்கலையா? குடுத்து வெச்சவங்க." கூட்டம் சிரித்தது. பாடகன் மைக்கை ஸ்டாண்டில் ஒழுங்காக மாட்டிவிட்டு இறங்கிப் போனான். அத்தோடு அந்த ராக் குழு படுத்துவிட்டது. டிரம்மர் வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்கப் போனான். பேஸ் கிட்டார் வாசிப்பவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கூடவே இருந்த காலத்திலும் யாரும் கேட்டதில்லை.

குழு போனதுகூடப் பெரிதில்லை. பாடகன் கிட்டார்க்காரனின் ஒரே தங்கையைக் கட்டியவன். கட்டியவனைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்க வைத்த அண்ணனோடு அவள் பேச்சை நிறுத்தினாள். அவன் குடல்வால் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வரவில்லை. "போனா போறா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளுக்குள் செத்துத்தான் போனான்.

இந்த வருஷம் அவளே போன் செய்தாள்.

"மறுபடி ஒரு ஆல்பம் போடணும்னு அவரு ஆசைப்படுறாரு. நீ வா. ஆனா அவரை ஒரு வார்த்தை குறை சொன்ன, இந்த ஜென்மத்துக்கு நீ எனக்கு அண்ணன் இல்லை. அவரு திரும்பவும் மூலையில போய் உக்காந்தா பாக்க எனக்குத் தெம்பு இல்லை."

"வாயே திறக்க மாட்டேன்," என்றான்.

திறந்தான், ஆனால் ஒரே காரியத்துக்குத்தான். ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகன் நின்று பாடுவான். இந்தப் பக்கம் சோஃபாவில், மடியில் கைப்பையோடு, பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரி தங்கை உட்கார்ந்திருப்பாள். பாட்டு உச்சிக்குப் போகிற இடம் வரும். பாடகனின் குரல் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரெக்கார்டிங் செய்பவர் தன் காதைத் தேய்த்துக்கொள்வார். டிரம்மர் சுவரைப் பார்ப்பான்.

"பிரமாதம், மாப்பிள்ளை," என்பான் கிட்டார்க்காரன்.

ஒரு காலத்தில் வாடா போடா என்று கூப்பிட்டவனை இப்போது வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டான். மரியாதை அவன் வாயில் புதுச்செருப்பாகக் கடித்தது.

ஏசி தொண்டைக்கு ஆகவில்லை என்றான் பாடகன். ஏசியை நிறுத்தினார்கள், எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. மைக் சரியில்லை என்றான். மைக்கை மாற்றினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குரல் அதே பாதி வழியில்தான் நின்றது.

டிரம்மர் கிட்டார்க்காரனை நடையில் மடக்கினான்.

"இப்படியே வெளிய விட்டா நான் திரும்ப ஃபில்டர் விக்கப் போக வேண்டியதுதான். சொல்லித் தொலையேன்."

"நீ சொல்லு."

"நான் சொன்னா எடுபடாது. பாடி முடிச்சதும் அவன் உன் மூஞ்சியைத்தானே பாக்குறான்."

கிட்டார்க்காரன் உள்ளே திரும்பினான். தங்கை அன்று காலையில்தான், சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்டிருந்தாள்.

மதியம் பாடகன் பாட்டின் நடுவிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"என்ன மாப்பிள்ளை, பிரமாதம்னுதானே..."

"அதான் கேக்குறேன். முன்னெல்லாம் ஒரு வரி பாடினா ஒம்பது குத்தம் சொல்லுவ. இப்ப என்ன பாடினாலும் பிரமாதம்ங்கிற. இனிமே எது வேணும்னாலும் சாப்பிடக் குடுங்கன்னு டாக்டர் சொல்லுவாரே, அந்த மாதிரி இருக்கு."

கிட்டார்க்காரன் தங்கையைப் பார்த்தான். ஏழு வருஷம் கழித்துக் கிடைத்தவள். அவளை மறுபடி இழக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

தங்கை எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"எனக்கு டீ குடிக்கணும்போல இருக்கு."

"ஃபிளாஸ்க்ல இருக்கே," என்றான் டிரம்மர்.

"அது ஆறிடுச்சு. நீங்களும் வாங்கண்ணே."

ஸ்டூடியோ கதவு கனமானது. தள்ளிப் பார்த்தாள், சரியாக மூடவில்லை. மறுபடி வெளியிலிருந்து இழுத்து அழுத்தமாகச் சாத்தினாள்.

"டேய்," என்றான் கிட்டார்க்காரன். "அந்த உச்சி உனக்குப் போயிடுச்சுடா. நீ ஏறலை, ஏறுற மாதிரி நடிக்கிற. கேக்கச் சகிக்கலை. ரெண்டு கட்டை இறக்கு. பேசுறப்ப உனக்கு ஒரு குரல் வருது பாரு, அதுல பாடு. அதை யாருக்குடா ஒளிச்சு வெச்சிருக்க?"

பாடகன் தலையைக் குனிந்து கேட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இதைச் சொல்ல இத்தனை நாளா, எருமை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சுருதியை இறக்கிப் பாடினான். கரகரத்த, வயசான குரல். அந்தப் பாட்டில் என்ன வார்த்தை இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது. கிட்டார்க்காரனுக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றது.

"ரெண்டாவது வரியில இழுக்காத," என்றான். "மறுபடி."

ரெக்கார்டிங் முடிகிற நேரத்தில் அவன் வெளியே வந்தான். டிரம்மரை முன்னாலேயே உள்ளே அனுப்பிவிட்டுத் தங்கை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதக் கோப்பை. டீ அப்படியே இருந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"உடைஞ்சு போயிட்டாரா?"

"இல்லைம்மா. பாடிட்டிருக்காரு. நல்லா."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"எனக்கும் தெரியும்ண்ணா. ஒரு வருஷமா வீட்டுல தினம் காலையில என் எதிர்ல நின்னு பாடிக் காட்டுவாரு. நான் சூப்பர், சூப்பர்னு சொல்லிட்டே இருந்தேன். நீ சொன்னது பொய்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குன்னா, நான் சொன்னதும் தெரிஞ்சிருக்கும்ல?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உண்மையைச் சொன்னால் மறுபடி பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

"தெரிஞ்சிருக்கும்," என்றான்.

அவள் எழுந்து போகவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேவா தினம் வந்து என்கிட்ட பாடினாரு?" என்றாள்.