நாலு விரல்

இறந்துபோன வாப்பாவின் மய்யித்தைக் கிடத்த இடம் வேண்டுமென்று அவருடைய நாற்காலியைத் தூக்கிய நஜ்மா திகைத்து நின்றாள். அது ஒற்றைக் கையில் வந்துவிட்டது. இரண்டு ஆள் பிடித்தாலும் மூச்சு வாங்க வைக்கிற பர்மா தேக்கு அது. வாப்பா அப்துல் ஜப்பார் கல்யாணமான வருஷம் வாங்கி, ஐம்பது வருஷமாக உட்கார்ந்து எழுந்த நாற்காலி.

கவிழ்த்துப் பார்த்தாள். மர ஆணி இருந்த இடத்தில் ஸ்க்ரூ. பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் பின்னல். மேலே மட்டும் பழசு போலவே பாலிஷ் மினுங்கியது. வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, தம்பி இஜாஸைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"வாப்பா நாற்காலி எங்கடா?"

"கத்தாதக்கா. வாப்பா கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தாருல்ல, அப்போ ஒரு ரிசார்ட்காரன் கேட்டான், குடுத்துட்டேன். அத்தப் பாத்துதான் காக்களூர்ல இத்த செஞ்சாங்க. போட்டோ புடிச்சா வித்தியாசமே தெரியாது."

"கைப்பிடி ஏன் குட்டையா இருக்கு?"

"இப்பல்லாம் ஊடு சின்னது. நாலு வெரல் கொறைச்சுக்கினு செய்யறாங்க. அதுல இன்னா?"

கைப்பிடியின் நுனியில் உள்ளங்கையை ஊன்றித்தான் வாப்பா எழுவார். போன வாரம் அப்படி எழும்போதுதான் சரிந்து விழுந்து இடுப்பு முறிந்தது; அந்தப் படுக்கையிலேயே போய்விட்டார். வயசாச்சு, கண்ணு மங்கல் என்று எல்லோரும் அவர் தலையிலேயே பழியைப் போட்டார்கள். முதலில் போட்டவன் இவன்.

"கண்ணு இல்லடா பாவி, நீதான் தள்ளி வுட்ட. எல்லார் முன்னாடியும் சொல்றேன் பாரு."

பின்னால் அம்மா ஜெய்னம்பு நின்றிருந்தாள். "மய்யித்து ஊட்ல இருக்கும்போது வாயத் தொறக்காத நஜ்மா. அவரு நிம்மதியா போவட்டும்." என்ன விஷயம் என்று அவள் கேட்கவே இல்லை.

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. தூக்குவதற்கு முன்னால் மகன் கூட்டத்திடம் கேட்பது ஊர் வழக்கம். இஜாஸ் கைகட்டி நின்றான். "எங்க வாப்பா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்" என்றது கூட்டம்.

பெண்கள் இருந்த திரைக்குப் பின்னால் நஜ்மா பல்லைக் கடித்தாள். கேட்க வேண்டிய இடம் வேறு, இவன் ஊரிடம் கேட்கிறான். அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

வாப்பாவின் பழைய சிநேகிதர் பாக்கியநாதன் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்தார். அவர் வந்தால் வாப்பா தன் நாற்காலியையே விட்டுக்கொடுப்பார். அந்த உரிமையில் இன்றும் வராந்தாவில் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் இஜாஸ் தோள் கொடுத்தான். பாக்கியநாதன் எழுந்திருக்கக் கையை நீட்டினார். ஊன்ற இடமில்லாமல் கை நழுவியது. கிழவர் ஒரு பக்கமாகச் சரிந்தார்.

இஜாஸ் பார்த்துவிட்டான். தோளில் வாப்பா. நகர முடியவில்லை.

மணிக்கட்டை உதறிக்கொண்டு திரையைத் தாண்டி ஓடி வந்து நஜ்மாதான் பிடித்தாள்.

"இன்னாம்மா, கைய வெச்சா ஒண்ணும் காணோமே" என்றார் அவர்.

நஜ்மா தம்பியைப் பார்த்தாள். சந்தூக்கு இன்னும் வாசலிலேயே நின்றது. பின்னால் தூக்கியிருந்தவர்கள், "நடப்பா, நடப்பா" என்றார்கள்.