குதிகால் முதலில்

சினிமாவில் கேட்கும் காலடிச் சத்தம் பெரும்பாலும் படப்பிடிப்பில் பிடித்ததல்ல. பிறகு ஸ்டுடியோவில் என்னைப் போன்ற ஒருவன் திரையைப் பார்த்துக்கொண்டே, மைக் முன்னால் கருங்கல் பலகையில் நடந்து கொடுப்பான். கதாநாயகி நடந்தால் அதே மாதிரி ஹீல்ஸ் செருப்பை நான் மாட்டிக்கொள்வேன். ஒவ்வோர் அடியிலும் இரண்டு சத்தம் உண்டு. முதலில் குதிகால், பிறகு விரல்கள். டக், தப். மனித நடையில் இந்த வரிசைதான்.

1996இல் பெங்களூரில் ஒரு பேய்ப் படத்துக்கு நடந்தேன். வீட்டில் உள்ளவர்களைப் போலவே உருமாறி வந்து கதவைத் தட்டும் பேய். கடைசி ரீலில் அதன் பாதங்கள் நம்முடையவை போல நேராக இருந்தன.

"பேய்க்குப் பாதம் பின்பக்கம் பாத்து இருக்கணுமே சார்," என்றேன் டைரக்டர் சுந்தரமூர்த்தியிடம்.

"மூணாவது ரீல்ல இருந்துச்சே. அந்த ரப்பர் கால் மழைல போச்சு. காலை யாரு பாக்கப் போறா? நீ நட குரு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

துணிமணிகளைப் பார்த்துக்கொள்ளும் சாந்தகுமாரி அக்கா பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள ஆனேக்கல் ஊர்க்காரர். அந்தக் காட்சிக்கான ஹீல்ஸ் செருப்பைக் கொடுத்தபடி சிரித்தார்.

"பாதம் ஏன் அப்படின்னு தெரியுமா? அது எப்பவும் நம்ம பின்னாடியேதான் வரும். அது பாத்ததெல்லாம் நம்ம குதிகால்தான். அதுதான் முன்பக்கம்னு நெனச்சு கால் செஞ்சுக்குது. சுடுகாட்டுல இருந்து வர்றப்போ திரும்பிப் பாக்காதேங்கறது அதுக்குத்தான். திரும்பினா மூஞ்சி, விரல் எல்லாம் கெடச்சிடும். அப்புறம் அதுக்குக் கொறையே இல்ல."

"கெடச்சா என்ன பண்ணும்?"

"உங்களுக்குக் கதவு தொறக்கறவங்ககிட்ட போகும். எனக்கென்ன, நான் உங்களுக்குத் தொறக்க மாட்டேன்."

எனக்குக் கதவு திறப்பவள் என் மகள் பெட்டி. எட்டு வயது. மனைவி லீனாவுக்கு ஆறு மணி வரை ஆஸ்பத்திரி வேலை. பள்ளி விட்டதும் மர்பி டவுனில் எங்கள் மாடி வீட்டில் பெட்டி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருப்பாள். மூட்டுவலியால் இடது காலை இழுத்து இழுத்துப் படியேறுவேன். அந்தச் சத்தம் கேட்டால் மட்டும்தான் திறக்க வேண்டும் என்று நானே பழக்கியிருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்தேன். டக், தப். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இன்னோர் அடி கேட்டது. எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் எதிரொலி சத்தத்தைத் தாமதமாகத் திருப்பித் தரும், வரிசையை மாற்றாது. இது தப், டக். விரல் முதலில், குதிகால் பிறகு.

அது எப்படி முடியும் என்று பார்க்கத் திரும்பினேன்.

யாரும் இல்லை. அசையாமல் நின்றேன். ஹெட்போனில் மட்டும் ஹீல்ஸ் நடை கதவை நோக்கிப் போனது. டக், தப். வரிசை சரியாகிவிட்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரெக்கார்டிஸ்ட் அப்பாதுரை கேட்டார். "நீ நின்னுட்டியே, அப்புறம் யாருய்யா நடக்கறது?"

ஹீல்ஸை உதறிவிட்டு என் செருப்பில் காலை நுழைத்து ஓடினேன். ஆட்டோ அல்சூர் நெரிசலில் பதினைந்து நிமிடம் நின்றது. வீட்டுப் படிகளில் இடது காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். தாழ்ப்பாள் விலகியது. பெட்டியின் முகம் வெளுத்திருந்தது.

"டாடி, யாரோ கதவு தட்டினாங்க. உங்க குரல்லயே கூப்பிட்டாங்க. ஆனா ஹீல்ஸ் சத்தம் கேட்டுச்சு. அதான் தொறக்கல."

நான் திரும்பியபோது என் காலில் இருந்தது ஹீல்ஸ். பார்த்ததை அது அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

"நல்ல வேலை பண்ணே கண்ணு. எப்போ போச்சு?"

"போகல டாடி. எறங்கற சத்தமே கேக்கல."

அவள் கண்கள் என் தோளைத் தாண்டி, மொட்டை மாடிக்கு ஏறும் படிகள் பக்கம் நகரத் தொடங்கின. சட்டென்று அவள் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டு உள்ளே போனேன். திரும்பக் கூடாது. திரும்பாமலே கதவைச் சாத்த வேண்டும். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டித் துழாவிக் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாளைத் தேடினேன்.

மேல் படியில் டக் என்றது. தப்.

பிறகு இரண்டு ஹீல்ஸும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. நான் ஏறி வந்ததை அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இடது காலை இழுத்து இழுத்து, படியிறங்கத் தொடங்கியது.

"டாடி வந்துட்டாங்க," என்றாள் பெட்டி, பழக்கத்தில், என் வயிற்றில் முகம் புதைத்தபடியே.

தாழ்ப்பாள் இன்னும் என் கைக்குச் சிக்கவில்லை.