கம்பெனிச் சாயம்

சாயத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் பரிசோதனை வேலை பார்க்கும் அவள், மைக்ரோஸ்கோப்பின் திருகை முன்னும் பின்னும் திருகிப் பார்த்துவிட்டாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். சாயம் ஏற்றாத ஸ்லைடில் என்னத்தைப் பார்ப்பது? தண்ணீரில் விழுந்த கண்ணாடிச் சில்லு மாதிரி, செல்கள் இருந்தும் இல்லாமலும் கண்ணைக் குழப்பின.

"சார், ஸ்லைடுக்குப் போடுற சாயம் தீர்ந்துபோச்சுன்னு எத்தன தடவ சொல்றது? அது இல்லாம உட்கரு தெரியாது. உட்கரு தெரியாம நல்ல செல்லு எது, கெட்ட செல்லு எதுன்னு எப்படிச் சொல்ல?"

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார். "ஒண்ணும் தெரியலன்னா, ஒண்ணும் இல்லன்னுதானேம்மா அர்த்தம்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரி லாரியாகச் சாயம் அனுப்புகிற கம்பெனி, ஸ்லைடுக்கு ஒரு சொட்டு கிடையாதாம்! புற்று என்று இவர் வாயால் சொன்னால்தான் கம்பெனி செலவில் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்லைடில் இருந்ததோ இங்கேயே சாயம் காய்ச்சும் அவள் அண்ணனின் சிறுநீர். ரத்தமாகப் போகிறது என்று அண்ணி அழுதுகொண்டிருக்கிறாள்.

அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முழங்கைவரை ஊதா.

"என்ன தங்கச்சி, உன் மிஷின் என்ன சொல்லுது?"

"சாயம் இல்லண்ணே."

அவன் தன் கைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "இங்கயா சாயம் இல்ல? சரியாப்போச்சு போ!"

அவள் சிரிக்கவில்லை. ஸ்லைடுக்கென்று பாட்டிலில் வருவதும் அண்ணன் காய்ச்சுவதும் அதே ஊதாதானே! அவன் சட்டைக் கை மடிப்பைக் காகிதத்தில் உதறினாள். விழுந்த தூளைக் கரைத்து, வடிகட்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு அலசினாள்.

இப்போது தெரிந்தது. உருண்டையாக, அளவாக இருக்கவேண்டிய உட்கருக்கள் செல்லையே அடைத்துக்கொண்டு, கோணல்மாணலாகக் கருத்துக் கிடந்தன. புற்றேதான்.

டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். வெகுநேரம் பார்த்தவர், நிமிர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தூள் ஏது?"

"எங்கண்ணன் சட்டையில இருந்தது சார்."

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஸ்லைடை அழுத்தித் துடைத்தார் டாக்டர். "கண்ட தூளப் போட்டா எல்லாம் கோணலாத்தான் தெரியும்."

"அடப்பாவி! அது எங்கண்ணன் உசுருய்யா!"

மறுநாள் காலை இருவரையும் கேட்டிலேயே நிறுத்தினான் காவல்காரன். கம்பெனிச் சரக்கைத் திருடியதாகச் சொல்லி, அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்தே வேலை போயிருந்தது. வேலை போனவனுக்கு ஏது கம்பெனி ஆஸ்பத்திரி? காவல்காரன் அண்ணனின் சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டு உதறிப் பார்த்தான்.

அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினான். "இதையும் கழட்டி வச்சுட்டுப் போகணுமாப்பா?"

"மேல சொன்னாங்கண்ணே. நான் என்ன பண்ண?" காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவர்கள் காலடியில், கேட்டுக்குக் கீழே ஓடும் சாக்கடையில், ஊதாத் தண்ணீர் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை.