முன்வரிசை நாற்காலிகள்

மைதாப் பசை காய்ச்சும்போது ஒரு கிள்ளு மயில்துத்தம் போட வேண்டும். இல்லாவிட்டால் லேபிளைக் கரப்பான் தின்றுவிடும். அந்தப் புதன்கிழமை லேபிள் ஒட்டும் ஞானபாய் மறந்துபோய் மூன்று தடவை போட்டுவிட்டாள். பசை நீலம் பாரித்துக்கொண்டு கிடந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கைக்கு வராத தவறு. எல்லாம் காலையில் அறிவிப்புப் பலகையில் பார்த்த தாளால் வந்தது. அந்தத் தாளை ஒட்டியதும் அவள் காய்ச்சிய பசையால்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கம்பெனி முற்றத்தில் குரூப் போட்டோ. எல்லோரும் வெள்ளை உடுத்து வர வேண்டும். கீழே கண்ட மூத்த ஊழியர்கள் ஆறு பேர் முன்வரிசையில் நாற்காலியில் அமர்வார்கள். மூன்றாவது பெயர் ஞானபாய்.

சுகோதயம் மருந்துக் கம்பெனியின் கோட்டாறு கிளையில் முந்நூறு பேர் வேலை செய்தார்கள். அங்கே போட்டோ எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: யாராவது வேலையை விட்டுப் போக வேண்டும். போகிறவரை நடுவில் நாற்காலியில் இருத்தி மாலை போடுவார்கள். மற்றவர்கள் நிற்பார்கள், மானேஜர்கூட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆபீஸ் சுவரில் அப்படிப் பதினொரு படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் திருவனந்தபுரம் ஹெட் ஆபீஸ் அச்சடித்து அனுப்பிய சீட்டு. அதில் பெயர், அப்புறம் 'யாத்ரயயப்பு'. மலையாள எழுத்தை ஞானபாய் பள்ளியில் படிக்கவில்லை. இருமல் மருந்துக் குப்பியில் படித்தாள். வழியனுப்பும் அந்தச் சொல்லை மட்டும் இந்தச் சுவரில் கற்றுக்கொண்டாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி, இதுவரை திருவனந்தபுரத்தின் கீழிருந்த தென் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகின்றன. ஊரெல்லாம் கொடியும் கொட்டும். கம்பெனிக்குள் மட்டும் எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். ஹெட் ஆபீஸ் அந்தப் பக்கம், கிளை இந்தப் பக்கம் ஆகிவிட்டால் பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழியும் என்று பேச்சு. இரணியல் பஸ்ஸில் நூறு பேர் என்றார்கள். பஸ் வடசேரி வந்து சேர்வதற்குள் அது நூற்றைம்பது ஆகியிருந்தது.

"ஆறு நாக்காலி, ஆறு பேரு. மொத லிஸ்டு இதாக்கும்," என்றார் ஸ்டோர் கிளார்க் ரசலையன். இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர் என்பதால் அவர் சொன்னது வதந்தியில் சேராது. பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

"நீங்க மூணு வருசமா மனு எழுதினது நாக்காலிக்குத்தானே அண்ணே? இப்பக் கெடச்சாச்சு," என்றாள் குப்பி கழுவும் பூங்கனி.

அது உண்மை. அந்தக் கம்பெனியில் மானேஜருக்குச் சுழலும் நாற்காலி, கிளார்க்குமாருக்கு முக்காலி, மற்றவர்களுக்குச் சொந்தக் கால். முதுகு சாய்க்கிற நாற்காலி கேட்டு ரசலையன் எழுதிய மனுக்கள் ஒரு கட்டு இருக்கும்.

வியாழக்கிழமை முழுக்க ஞானபாய் ஒவ்வொன்றாகப் பார்த்து விடைபெற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் ஜெபசீலன் வாத்தியார் பயிற்சி முடிக்க இன்னும் ஆறு மாதம் கிடந்தது. ஆறே ஆறு மாதம் இந்த மேஜையருகே நின்றுவிட்டால் போதும். அதை நினைக்கத் தொடங்கினால் ஓமத்தின் வாசனை குறுக்கே வந்தது. புருஷன் செத்த வருடம் முதல் நாள் வேலைக்கு வந்தபோது இந்த வாசனையில் தலை சுற்றியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பக்கத்தில் இருக்கிற பெண்கள், "வயித்துவலி மருந்து வந்தாச்சு," என்று சிரித்து இடம் விடுவார்கள். யுத்த காலத்தில் புதுக் குப்பி கிடைக்காமல், பழைய குப்பிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கை வெந்துபோய் நின்றார்கள் எல்லோரும். மலைக் காய்ச்சல் வந்த வருடம் கொய்னா மருந்துக் குப்பிக்கு ஒரே நாளில் நாலாயிரம் லேபிள் ஒட்டினாள். மத்தியானம் குப்பி பொதிகிற வைக்கோலில் வட்டமாக இருந்து மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தின்றுகொண்டே ஞானப்பாட்டு பாடுவார்கள். அயினி மரத்தடியில் குத்தி இருந்து அய்யாவழிக்காரரின் அகிலத்திரட்டு சொல்லுகிற பூங்கனியும் அதில் கூடிப் பாடுவாள். அப்போதெல்லாம் காலும் வலித்திருக்கத்தான் வேண்டும். அது மட்டும் ஞாபகத்துக்கு வர மறுத்தது.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் ஏழு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். போட்டோக்காரர் சிலுவை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நடு நாற்காலியில் மானேஜர் பகவதியப்பன் வந்து அமர்ந்தார். தோளில் சரிகைக் கரை நேரியல், கழுத்தில் தங்கச் செயின். ஏதோ மந்திரியின் படத்தைப் பார்த்து, தனக்கு இருபுறமும் மும்மூன்று பேர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தீர்மானித்தவர் அவர்தான்.

"ஹெட் ஆபீஸே என் படத்தெக் கேட்டு எழுதியிருக்கு," என்றார். "ஸ்டாஃபோடெ சேத்து. எதுக்குண்ணு நான் இப்பம் சொல்லப்பிடாது. எல்லா கிளைக்கும் மேலே சோணல் மானேஜருண்ணு ஒரு போஸ்டு வருது. அம்புடுதான் சொல்லுவேன். ம், இரிங்க."

யாரும் அமரவில்லை. இத்தனை வருடத்தில் அந்த முற்றத்தில் வயதுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

"அக்கா, நீங்க மூத்தவங்க. மொதல்ல நீங்க இரிங்க," என்றார் ரசலையன்.

"ஒமக்குத்தான் மொத நாக்காலி."

"எனக்கு மூலமாக்கும் அக்கா. இரிக்கப்பிடாதுன்னு வைத்தியன் சொல்லியாச்சு." மூன்று வருட மனுவும் அந்த ஒரு வாக்கியத்தில் தள்ளுபடி ஆனது.

மற்ற நால்வரும் அதற்குள் பின்வரிசைக் கூட்டத்தில் கலந்து, தலை மட்டும் தெரிகிற மாதிரி ஒதுங்கிவிட்டார்கள். பூங்கனி ஞானபாயின் காதருகே குனிந்தாள்.

"மைனி, இரிந்தா போச்சுன்னு பேடிக்கியா? நின்னா மட்டும் நிக்க விடுவானுவளாக்கும்? முட்டுக்காவது ஒரு சொகம் கெடைக்கட்டு."

ஞானபாய் நாற்காலியைப் பார்த்தாள். பிரம்பு பின்னியது, மிஷன் பள்ளியிலிருந்து இரவல் வாங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் இந்த மதிலுக்குள் 'இரி' என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தோன்றியது. ஜெபசீலனை நினைத்தாள். பிறகு, சேலையை ஒதுக்கிக்கொண்டு அமர்ந்தாள். பிரம்பு மெல்ல முனகித் தாங்கிக்கொண்டது. முட்டிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி மண்ணுக்குள் போவது போல இருந்தது. "அனங்காதீங்க," என்றார் சிலுவை.

அக்டோபர் நடுவில் ஹெட் ஆபீஸிலிருந்து பார்சல் வந்தது. ஸ்டோரில் பிரித்த ரசலையன், பிரேம் போட்ட படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு லேபிள் அறைக்கு வந்தார்.

படத்தில் நடுவே மானேஜர் நெஞ்சை நிமிர்த்தி இருந்தார். பக்கத்தில் ஞானபாய், கால் தரையில் முட்டாமல், முகத்தில் ஒரு நிம்மதியோடு. சுற்றிலும் ஐந்து காலி நாற்காலிகள். பின்னால் முந்நூறு பேர், யாரையோ அடக்கம் பண்ண வந்தவர்கள் போல.

"இதெ நீங்க ஒட்டணும்," என்று அச்சடித்த சீட்டை நீட்டினார். "மானேஜர் இன்னும் பாக்கல்ல."

ஞானபாய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மானேஜர் பகவதியப்பன். அப்புறம் சுவரிலிருந்த அதே வழியனுப்புச் சொல். இன்னொரு தடவை படித்தாள்.

"அப்பம் நமக்கு ஒண்ணுமில்ல, இல்லியாக்கா?" என்றார் ரசலையன் மெதுவாக.

"மதராஸ்லேருந்து புது ஆளு வருமாயிருக்கும். அவரு நாக்காலி போடுவாரோ, போடாமலே அனுப்புவாரோ. யாரு கண்டா?"

அடுத்த அறையில் மானேஜர் போனில் கத்தினார். பித்தளையில் பெயர்ப்பலகை வெட்டுகிறவனிடம் சோணலுக்கு எந்த எழுத்து என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஞானபாய் பசையை ஒரே சீராகத் தடவினாள். சீட்டை வைத்து, குப்பிக்குச் செய்வது போலவே, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை ஒதுக்கி நீவினாள். கோணல் இல்லை, குமிழ் இல்லை.

போன் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் நெருங்கியது.

"படம் வந்துட்டுதாமே. எப்பிடி இரிக்கு?" வாசலில் பகவதியப்பன் சிரித்த முகத்தோடு நின்றார்.

ஞானபாய் உள்ளங்கையைச் சீட்டின் மேல் விரித்து வைத்தாள். அடியில் ஈரம் குளிர்ந்தது.

"பசெ காயல்ல சார்," என்றாள், கையை எடுக்காமல்.