பயிற்சி பெற்றவளின் படம்

பசை டப்பாவைத் திறக்கும்போது ரமீஸா மூச்சை அடக்கிக்கொள்வாள். பழக்கம்தான், பலன் ஒன்றும் கிடையாது. ஒரு மனுஷி எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும்?

வெளியே இன்னும் விடியவில்லை. மாசிடோனியாவின் குமனோவோ ஊரில் விறகுப்புகை தாழ இறங்கி ஷூ ஆலையின் ஜன்னல் கண்ணாடிகளில் படிந்திருந்தது. புகை உள்ளே வருமாம், அதனால் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று மேஸ்திரி திம்கோவின் உத்தரவு. உள்ளே இருக்கிற நாற்றம் எந்த வழியாக வெளியே போகும் என்பதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

தூரிகையை முக்கி, சோலின் ஓரம் சுற்றி ஒரே இழுப்பு. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். விரல் நுனிகளில் தோல் உரிந்து, உரிந்த இடத்தில் பசை காய்ந்து, அதன் மேல் மறுபடி பசை. காலை நேரத்து முதல் தலைவலி நெற்றியின் இடதுபக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. குளிர்காலம் முடிவதற்குள் இந்தப் பசையை விட்டுவிடு, இல்லாவிட்டால் நுரையீரல் உன்னை விட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டு எங்கே போவது என்பதை அவர் சொல்லவில்லை. அது அவர் வேலை இல்லையே.

போகிற இடம் எது என்று ரமீஸாவுக்குத் தெரியும். கூடத்தின் முன்பக்கம், வெளிச்சம் விழுகிற இடத்தில் இருக்கும் தையல் மெஷின்கள். அங்கே மாசிடோனியப் பெண்கள். நடுவில், தோலைக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்து ஆணியடிக்கிற இடத்தில் அல்பேனியப் பெண்கள். கடைசியில், பசை நாற்றத்தில், ரமீஸாவைப் போன்ற, ஊர் ஜிப்சி என்று இளக்காரமாகச் சொல்லும் ரோமாப் பெண்கள். இப்படி உட்கார வேண்டுமென்று யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் கிழித்தாவது எறிந்திருக்கலாம்.

ரமீஸாவிடம் தோல் தையலில் டிப்ளமா இருந்தது. மகாலா என்கிற அவள் ரோமாக் குடியிருப்பில் தொழிற்பள்ளியை முடித்த முதல் பெண் அவள்தான். பழைய அட்டைப்பெட்டி பொறுக்கி விற்ற அப்பா, அன்றைக்கு இரவல் கோட்டு போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார். வேலைக்குச் சேர்ந்த அன்று திம்கோ டிப்ளமாவைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பின்பக்கம் கையைக் காட்டினான்.

"அங்க போ. உங்க ஆளுங்க எல்லாம் அங்கதான்."

திம்கோவுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அந்தப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு தையல் மெஷின், அதன் மோட்டாரும் அவள் சேர்வதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. வாத்தியார் கரும்பலகையில் மெஷினை வரைவார். பிள்ளைகள் நோட்டில் வரைவார்கள். அழகாக வரைந்தவளுக்கு நல்ல மதிப்பெண். ரமீஸா அழகாக வரைவாள்.

இலையுதிர் காலத்தில் ஆலைக்குள் 'பயிற்சி மையம்' திறந்தார்கள். வெளிநாட்டுப் பணம், அரசாங்கப் பணம், வாசலில் நீலப் பலகை. டை கட்டியவர்கள் வந்தார்கள். முதலாளி ஆந்தோன் நாடாவை வெட்டினார். புத்தம்புது மெஷின்கள். தோலின் முனையைத் தானே பிடித்திழுத்து, சூடான பசை ஊற்றி, கட்டையோடு அழுத்துகிற ஒரு பெரிய மெஷினும் அதில் இருந்தது. நடுப்பகுதியிலிருந்து லிரியே என்ற சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு வெள்ளைக் கோட்டு மாட்டி அதன் முன்னால் நிறுத்தினார்கள்.

"பின்னாடி இருந்து ஒருத்திய கூட்டிட்டு வா. கறுப்பா ஒரு முகம் வேணும், படத்துக்கு" என்றார் ஆந்தோன், ரமீஸாவின் காதுபடவே.

ரமீஸா புதுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பிளக் மாட்டப்படவில்லை. மற்ற பெண்களைப் பின்னால் வரிசையாக நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். டை கட்டியவர்கள் பூரெக் தின்று, காப்பி குடித்துப் போனதும் மெஷின்களுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு அறையைப் பூட்டினான் திம்கோ. படத்தை மட்டும் பெரிதாக்கி நடைவழியில் மாட்டினார்கள்.

மறுவாரம் அவள் நேரே முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, படத்துல உக்கார வச்சீங்கல்ல? நெசமாவே உக்கார வைங்க. எனக்குப் பசை ஒத்துக்கல. டிப்ளமா இருக்கு."

"டிப்ளமாவா?" ஆந்தோன் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். "அப்ப எதுக்கும்மா பயிற்சி? ட்ரயாங்கா, எழுந்திரி. அம்மணி தைக்கட்டும்."

ட்ரயாங்கா தையல் பகுதியில் மூத்தவள். எழுந்து ஒதுங்கினாள். ரமீஸா உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மிதியில் கால் வைத்ததும் மெஷின் வெறிபிடித்த குதிரை மாதிரி பாய்ந்தது. ஷூவின் முனை வளைவில் ஊசி முறிந்தது. துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான்.

ஆந்தோன் அந்தத் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா? இதுங்களுக்குப் படிப்பக் குடுத்தா இதான் நடக்கும்."

கூடம் சிரித்தது. ட்ரயாங்காவும் சிரித்தாள்.

அன்றைக்குப் பசை மேசைக்குத் திரும்பிய ரமீஸாவுக்கு ஆந்தோன் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கரும்பலகை மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. மூன்று வருஷம்! மூன்று வருஷம் படம் வரையச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பாவிகள். இங்கேயாவது பார்த்துக் கற்றுக்கொள்ளலாமென்றால் அதற்கும் வழியில்லை. முனை வளைவைத் தைக்கும்போது முன்வரிசைக்காரிகள் ஒவ்வொருத்தியும் இடது தோளை முன்னால் கொண்டுவந்து கையை மறைத்துக்கொள்வாள். பக்கத்து மெஷின்காரிக்குக்கூடக் காட்டமாட்டாள். நடுப்பகுதியிலும் அதே கதைதான். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். ப்ளாகுனா என்று ஒருத்தி இரண்டு புதுப் பெண்களுக்கு மனசாரச் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் தேறிய உடனே ப்ளாகுனாவை வீட்டுக்கு அனுப்பினார் ஆந்தோன். புதுசுகளுக்குச் சம்பளம் குறைச்சல் அல்லவா? அதற்குப் பிறகு அந்த ஆலையில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பனி விழ ஆரம்பித்த சமயம், ஷூ வாங்கும் இத்தாலிக்காரன் அவசர ஆர்டர் கொடுத்தான். பயிற்சி மையத்தின் பூட்டைத் திறந்து அந்தப் பெரிய மெஷினைக் கூடத்துக்கு இழுத்து வந்தார்கள்.

"லிரியே, வா. உன் மெஷின்."

"எனக்கு இத ஓட்டத் தெரியாது, மேஸ்திரி."

"அதான் படத்துல நின்னியே! பச்சை பட்டன் ஓட்டம், சிவப்பு நிறுத்தம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு, காலேஜா?"

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை தோல் ஒன்று கோணலாகப் பிடித்துக்கொண்டது. கையால் வேலை செய்கிறவள் எதைச் செய்வாளோ அதைச் செய்தாள் லிரியே. சட்டென்று கையை உள்ளே விட்டு நேராக்கப் பார்த்தாள். கட்டையும் ஆணியும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. மெஷினுக்கு அந்தப் பழக்கம் தெரியாது.

அலறலை ரமீஸா பின்பக்கத்திலிருந்து கேட்டாள். ஓடிப் போனபோது சூடான பசை கருகும் நாற்றத்தில் வேறொரு நாற்றமும் கலந்திருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் நசுங்கி வெந்துபோயிருந்தன. நடுப்பகுதியின் ஹனீஃபே தன் தலைத்துணியை அவிழ்த்துச் சுற்றினாள். சிவப்பு பட்டன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் யாரோ சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார்கள்.

மத்தியானம் ஆந்தோன் வந்தார். பெண்கள் மெஷினைச் சுற்றி நின்றார்கள்.

"இது வேலையில நடந்த விபத்துன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க, முதலாளி" என்றாள் ஹனீஃபே.

"எதுக்கு? அவ கவனக்குறைவு. பயிற்சி எடுத்தவ. தெரிஞ்சே கைய விட்டா நான் என்ன பண்ண?"

"எப்ப எடுத்தா பயிற்சி?"

ஆந்தோன் நடைவழிப் பக்கம் விரலை நீட்டினார். "அதோ மாட்டியிருக்கே. கண்ணு தெரியலையா? படத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறா."

ரமீஸா திரும்பிப் பார்த்தாள். அந்தப் படத்தில் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நாளைக்கு ட்ரயாங்கா இந்த மெஷினப் பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். "அவளும் படத்துல இருக்கா, பின்வரிசைல."

மறுநாள் மெஷின் ஓடவில்லை. பிடுங்கிய வயரை மாற்ற எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைதான் வருவான். சாப்பாட்டு நேரத்தில் ட்ரயாங்கா பசை மேசைக்கு வந்தாள். முன்வரிசையிலிருந்து ஒருத்தி அங்கே வருவது அதுதான் முதல் தடவை. வந்த உடனே இருமினாள்.

"எப்படிடி இதுல உக்காந்து திங்கிறீங்க?"

"மூக்கு செத்துப்போச்சுக்கா. பழகிடும். என்ன வேணும்?"

ட்ரயாங்கா ஏப்ரன் பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தாள். "வா, எழுந்திரு. வளைவு தைக்கக் காட்டுறேன்."

ரமீஸா எழுந்திருக்கவில்லை. "இத்தன வருஷமா தோளத்தானே காட்டிக்கிட்டு இருந்தீங்க? இப்ப என்ன திடீர்னு கருணை?"

"கருணையும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. திங்கட்கிழமை நான் அந்த ராட்சசன் முன்னாடி நிக்கணும். நான் போனா என் மெஷின்ல நாலு நாளைக்கு எவளாவது உக்காரணும், இல்லேன்னா எவளையாவது புதுசா பிடிச்சிட்டு வந்து எனக்குப் பதிலா போட்ருவான். அது நீயா இருந்தா, நான் திரும்பி வந்ததும் எழுந்திரிப்பே. அவ்ளோதான் என் கணக்கு."

"நீங்க திரும்பி வரும்போது விரல் இருக்குமா?"

ட்ரயாங்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நல்ல கைகள்.

ரொட்டியும் ஐவார் என்கிற மிளகாய் விழுதும் தின்றுகொண்டிருந்த ஹனீஃபே அங்கிருந்தே கத்தினாள்: "படத்துல நானும்தான் இருக்கேன். ஓரமா, பாதி முகம். பாதி முகத்துக்கு எத்தன விரல் போகும்னு கேட்டுச் சொல்லுங்க!"

யாரோ சிரித்தார்கள். அது சிரிப்பாகவே முடியவில்லை.

ரமீஸா தூரிகையைக் கீழே வைத்தாள். "நம்ம எல்லாருக்கும் எல்லா மெஷினும் தெரியும்னு சொல்றான். வெளிநாட்டுக்காரன்கிட்ட அப்படிச் சொல்லித்தானே பணம் வாங்கியிருக்கான்?"

"அதுக்கு?"

"அப்ப அவன் சொன்னபடியே செய்வோம். திங்கட்கிழமை எவளும் அவ இடத்துல உக்கார வேணாம். நான் ட்ரயாங்கா அக்கா மெஷின்ல. அக்கா கட்டையில. ஹனீஃபே இங்க பசையில. வேலைய நிறுத்தல. பக்கத்துல இருக்கிறவ சொல்லிக்குடுக்கச் சொல்லிக்குடுக்க, கத்துக்கிட்டே செய்வோம். அந்தப் பெரிய மெஷின மட்டும் எவளும் தொடக் கூடாது, அத ஓட்டத் தெரிஞ்ச ஆள் வந்து எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கிற வரைக்கும்."

"நான் பசை தடவணுமா?" ஹனீஃபேவின் குரல் ஏறியது. "மகாலாக்காரிங்க வேலைய?"

"ஆமா. ஒரு நாள் தடவிப் பாரு. தலைவலி எந்தப் பக்கம் ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுக்கோ."

சண்டை நிச்சயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹனீஃபே ரொட்டியை மென்று விழுங்கினாள். அவளுடைய தலைத்துணி லிரியேவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. தலையில் வேறொருத்தியின் துணியைக் கட்டியிருந்தாள்.

"சரிடி" என்றாள். "ஆனா அந்த ஜன்னலத் திறந்துட்டுத்தான் உக்காருவேன்."

"நாம எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துட்டா, அப்புறம் ப்ளாகுனாவுக்குச் செஞ்ச மாதிரி செய்வானே?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"ஒருத்தி சொல்லிக்குடுத்தா அவள அனுப்பலாம்" என்றாள் ட்ரயாங்கா மெதுவாக. தனக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "எல்லாரும் சொல்லிக்குடுத்தா யார அனுப்புவான்?" பிறகு ரமீஸாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். "வளைவுல கால எடு. சக்கரத்தக் கையால சுத்து. பார், இப்படி. அவசரப்படாதே, கழுத!"

திங்கட்கிழமை விடியும்போது திம்கோ வந்து பார்த்தான், ஃபோனைத் தேடினான். ஆந்தோன் வந்து சேர்ந்தபோது ஜன்னல்கள் திறந்திருந்தன. குளிர் காற்று கூடத்துக்குள் சுற்றியது. முன்வரிசையில் ரோமாப் பெண்கள் ஒவ்வொரு தையலாகச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ட்ரயாங்கா ஆணியை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் இரண்டை விழுங்கப் பார்த்தாள். ஹனீஃபே கண்ணில் நீர் வழியப் பசை தடவினாள்.

"என்ன கூத்து இது? வேலை நிறுத்தமா?"

"இல்ல முதலாளி" என்றாள் ரமீஸா, தலை நிமிராமல். "பயிற்சி."

"எவ சொல்லி?"

"நீங்கதான். வாசல்ல பலகையே வச்சிருக்கீங்களே."

"ரெண்டு நிமிஷத்துல அவளவ இடத்துக்குப் போகல, எல்லாரையும் வெளிய தள்ளிட்டுப் புது ஆளுங்களக் கொண்டாருவேன்!"

"கொண்டாங்க" என்றாள் ஹனீஃபே மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவங்களுக்கு யாரு சொல்லிக்குடுப்பா? படமா?"

ட்ரயாங்கா வாயிலிருந்து ஆணிகளைத் துப்பினாள். "லிரியேவுக்கு வேலை விபத்துன்னு எழுதிக் குடுங்க. அந்த மெஷினுக்கு ஆள வரவழைங்க. பூட்டின அறையத் திறங்க, வேலை நேரத்துல எல்லாரும் முறை வச்சுக் கத்துக்கிறோம். அப்புறம் உங்க ஆர்டர் போகும்."

"போலீஸக் கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்க. நாங்க வேலை பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

அவர் நிஜமாகவே கூப்பிட்டார். இத்தாலிக்காரனையும் கூப்பிட்டார். அவரது அறையிலிருந்து வந்த கத்தல் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்டது. ரமீஸா அதைக் கவனிக்கவில்லை. வளைவு வந்தது. காலை எடுத்தாள். இரண்டு தையல் கோணிப்போயின, மூன்றாவது நேராக விழுந்தது. கெட்டுப்போன துண்டுகள் காலடியில் குவிந்துகொண்டிருந்தன. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. டாக்டர் சொன்ன நுரையீரலும் அப்படியேதான் இருந்தது.

மத்தியானம் இரண்டாம் ஷிப்ட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு பேருந்து வந்து நின்றது. வாசலில் போலீஸ் வண்டி. திம்கோ அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தான். அவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு, பனி ஒட்டிய பூட்ஸுகளோடு உள்ளே வந்து நின்றார்கள். செய்தி ஊருக்குள் ஏற்கெனவே போயிருக்க வேண்டும். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

முதலில் நின்ற ஒருத்தி கையுறையைக் கழற்றியபடி, "எங்க உக்காரணும், அக்கா?" என்று ரமீஸாவைக் கேட்டாள்.

ரமீஸாவை அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் ஊசியை நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியாத இடத்துல" என்றாள்.